நன்கொடை ஒரு கணக்கு, மட்டையின் விலை வேறு கணக்கு

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். கோல்ஃப் ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. குழந்தைகளுக்கான மருத்துவப் பராமரிப்பு அமைப்பு ஒன்று அடுத்த மாதம் நிதி திரட்ட ஏலம் நடத்துகிறது. அதில் கோல்ஃப் பொருட்கள் நான்கு. முதலாவது, '1920களின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஹிக்கரி மட்டைகள் ஏழு, கேன்வாஸ் பையுடன், மதிப்பு 2,500 டாலர்', அதாவது ஹிக்கரி மரத்தில் தண்டு போட்டவை. இரண்டாவது, 'பாபி ஜோன்ஸின் கலாமிட்டி ஜேன் பட்டர், மதிப்பு 1,800' (பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை). மூன்றாவது, டைகர் உட்ஸ் கையெழுத்திட்ட பட்டர், கண்ணாடிச் சட்டத்துக்குள், சான்றிதழோடு, மதிப்பு 6,000. நான்காவது, ஒரு பழைய பிங் ஆன்சர் பட்டர், மதிப்பு எதுவும் போடவில்லை, 50 டாலரில் ஆரம்பம். ஓய்வு பெறப்போகும் எங்கள் மேலாளருக்குப் பரிசு கொடுக்க அலுவலகத்தில் ஆறு பேர் சேர்ந்து 1,500 டாலர் வைத்திருக்கிறோம். அவர் கோல்ஃப் பைத்தியம். எதைக் கேட்கலாம், எதுவரை போகலாம்? பின்னால் விலை ஏறுமா? வரிச்சலுகை உண்டா? இன்னொரு விஷயம். பக்கத்து வீட்டு மூதாட்டி, கணவர் இறந்த பிறகு கராஜைக் காலி செய்தபோது எனக்கு ஒரு மரத்தலை பட்டர் கொடுத்தார். நீளமான மெல்லிய தலை, கழுத்தில் நூல் சுற்றியிருக்கிறது, மேலே மங்கலாக மெக்யூவன் என்று பெயர். அதையும் இந்த ஏலத்துக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதுதான் அவசரம். அந்த மரத்தலை பட்டரை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். பளபளப்பாக்க வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், கழுத்து நூல் தளர்ந்திருந்தாலும் புதிதாகச் சுற்ற வேண்டாம். ஈரமான கராஜில் விடாமல், ஹீட்டர் பக்கத்திலும் வைக்காமல், வீட்டுக்குள் ஒரு அலமாரியில் படுக்க வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

மெக்யூவன் குடும்பம் 1770இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மட்டை செய்ய ஆரம்பித்தது. பிறகு மஸல்பரோவிலும் தொழில் நடத்தி, கிட்டத்தட்ட 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை தலைமுறை தலைமுறையாக அதே வேலையைச் செய்தார்கள். அந்தக் கால மட்டையில் தலை நீண்டு ஒல்லியாக இருக்கும். தண்டைத் தலையில் துளை போட்டுச் செருக மாட்டார்கள். தண்டின் நுனியையும் தலையின் கழுத்தையும் சாய்வாகச் சீவி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒட்டி, தார் பூசிய நூலை அதன்மேல் இறுக்கிச் சுற்றுவார்கள். தலைக்குப் பின்னால் ஈயம் வார்த்திருக்கும். அடிப்பக்கத்தின் முன்விளிம்பில் தேய்மானம் தாங்க ஆட்டுக்கடாக் கொம்பில் ஒரு பட்டை, அதைப் பிடிக்க மர ஆணிகள். இவ்வளவும் உங்களிடம் இருப்பதில் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கொம்புப் பட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் போல ஒன்று, புத்தம்புது வார்னிஷ், எழுத்து மட்டும் தெளிவாக மற்றதெல்லாம் செயற்கையாக அடிபட்ட மாதிரி இருந்தால், சுவரில் மாட்டுவதற்காகச் செய்த நகல். அப்படிப்பட்டவை நிறைய உண்டு. அதோடு, மற்ற மட்டைகளின் வடிவம் மாறிவிட்ட பிறகும் இந்த நீள்தலை பட்டரை மட்டும் வெகுகாலம் செய்துகொண்டிருந்தார்கள், அதனால் வடிவத்தை வைத்து மட்டும் வயதைச் சொல்ல முடியாது.

உண்மையானதாக இருந்தால், நிலையைப் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை போகும். மரத்தலை பட்டருக்கு எவ்வளவு உயரம் சாத்தியம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: லீத் துறைமுகத்தில் மட்டை செய்த ஆண்ட்ரூ டிக்சன் என்பவருடைய நீள்தலை பட்டர் ஒன்று 2007 செப்டம்பரில் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்தில் 1,81,000 டாலருக்குப் போனது. சின்ன வயதில் இளவரசர் ஜேம்ஸுக்கு, அதாவது பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரானவருக்கு, கோல்ஃப் பை தூக்கியவர் என்று டிக்சனைப் பற்றிச் சொல்வார்கள். உங்கள் பட்டர் அந்த வரிசையில் இல்லை, மெக்யூவன் மட்டைகள் அவ்வளவு அரிதும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தவுடன் என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆட்கள் ஒரு ஊர் நிதி திரட்டும் விருந்தில் இருக்க மாட்டார்கள். ஏலத்தில் விலை ஏற அந்தப் பொருளைத் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர்கூட இல்லாத அறையில் அது 40 டாலருக்குப் போகும், அமைப்புக்கும் பயன் இல்லை. கொடுப்பதென்று முடிவு செய்தால் பழைய கோல்ஃப் பொருட்களை மட்டும் விற்கும் ஏல நிறுவனத்தில் விற்று, வந்த பணத்தைக் கொடுங்கள்.

அதற்கும் முன்னால் அந்த அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கராஜில் கிடந்த பழைய சாமான் என்று நினைத்துத்தான் அவர் கொடுத்தார். விலை இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு, அவருக்குத் தெரியாமல் அது உங்கள் கையில் இருப்பது சரியில்லை. "உன்னுடையதாகவே வைத்துக்கொள்" என்று அவர் சொல்லலாம், திரும்பக் கேட்கலாம், இரண்டும் அவர் இஷ்டம். பேசும்போதே, கணவருக்கு இது எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எந்த வருடம் என்பதைக் கேட்டு, அவர் கையாலேயே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். பழைய புகைப்படம் ஏதாவது இருந்தால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் நாளைக்கு இந்தப் பட்டரின் விலையில் ஒரு பகுதியாகவே இருக்கும்.

சரி, ஏலத்துக்கு வருவோம்.

நான் ஏல நிறுவனங்களுக்காகப் பழைய விளையாட்டுப் பொருட்களை மதிப்பிடும் வேலை பார்க்கிறேன். நல்ல காரியத்துக்கான ஏலத்துக்குப் போகிற எல்லோரிடமும் ஒன்றையே சொல்வேன்: போவதற்கு முன்னால் இரண்டு தொகைகளைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த அமைப்புக்கு எவ்வளவு கொடுக்க மனம் இருக்கிறது, அது ஒன்று. அந்தப் பொருள் வெளியே என்ன விலைக்குக் கிடைக்கும், அது இன்னொன்று. இரண்டையும் கலந்தால், "குழந்தைகளுக்காகத்தானே" என்று விலையைப் பார்க்காமல் கேட்பீர்கள், மறுநாள் "இது நல்ல முதலீடுதானே" என்று அதே பணத்தை இன்னொரு பெயரில் நியாயப்படுத்துவீர்கள். நன்கொடையாகவும் இல்லாமல் முதலீடாகவும் இல்லாமல் போகிற பணம் அதுதான்.

இப்போதே அமைப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஒவ்வொரு பொருளும் யாராவது தானமாகக் கொடுத்ததா, அல்லது வியாபாரி ஒருவர் விற்றுத்தரச் சொல்லி ஒப்படைத்ததா என்று கேளுங்கள். இது நிறையப் பேருக்குத் தெரியாது. "உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை, விற்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி இப்படிப்பட்ட ஏலங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட கையெழுத்துப் பொருட்களைக் கொண்டுவந்து வைக்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். விலை முன்பே பேசியது. 3,000 டாலருக்குக் குறையாமல் வியாபாரிக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தால், நீங்கள் 3,200 கொடுத்தாலும் குழந்தைகளுக்குப் போவது 200தான். சட்டப்படி இதில் தப்பில்லை, அமைப்பாளர்களும் நல்ல எண்ணத்தோடுதான் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் நல்ல அமைப்புகள் மறைக்காமல் சொல்லிவிடும்.

இனி ஹிக்கரி மட்டைகள். 1920கள் என்றதும் அபூர்வம் என்று தோன்றும், இல்லை. அந்தப் பத்தாண்டில் ஹிக்கரித் தண்டு மட்டைகள் அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் தொழிற்சாலைகளில் மலைமலையாக உற்பத்தியாயின. ஸ்பால்டிங், டேடனில் இருந்த மெக்ரெகர், பர்க் என்று ஒவ்வொரு நிறுவனமும் லட்சக்கணக்கில் செய்தது. எஃகுத் தண்டை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1920களின் நடுவிலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலிருந்து கோல்ஃப் விதிகளைப் போடும் சங்கம் 1929இலும் அனுமதித்த பிறகு, இந்த மர மட்டைகள் எல்லாம் கராஜுக்கும் பரணுக்கும் போயின. அழியவில்லை, அங்கேயே இருந்தன. இன்றைக்குச் சாதாரணமான ஒன்று இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும். 'செயின்ட் ஆண்ட்ரூஸ்' என்று பதித்திருப்பதும் தனியாக விலை சேர்க்காது, அந்த ஊர்ப் பெயர் எத்தனையோ மட்டைகளில் இருக்கிறது.

விலை சேர்ப்பது பின்பக்கத்தில் இருக்கிற சின்ன முத்திரை. இரும்புத் தலையை அடித்துச் செய்த கொல்லர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறி வைத்திருந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் ஸ்டூவர்ட்டுக்குப் புகைக்குழாய், கிங்ஹார்னின் கிப்சனுக்கு நட்சத்திரம், லீவனின் நிக்கலுக்குக் கை. இதில் ஸ்டூவர்ட்டின் புகைக்குழாய்க் குறி இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம், காரணம் சேகரிப்பவர்கள் இல்லை, ஆடுகிறவர்கள். ஹிக்கரி மட்டைகளால் மட்டும் ஆடும் சங்கங்கள் அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் இருக்கின்றன, போட்டிகள் நடக்கின்றன, அவர்களுக்கு ஸ்டூவர்ட் இரும்புகள் மேல் தனிப் பிரியம். தண்டு நேராக, தலை ஆடாமல் இருந்தால் அவர்கள் ஒவ்வொன்றுக்கும் நூறு டாலர் வரைகூடத் தருவார்கள். அமைப்பாளர்களிடம் ஏழு மட்டைகளின் பின்பக்கம், கழுத்து, பிடி மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏழும் ஏழு கம்பெனியாக இருந்தால் கவலைப்படாதீர்கள், அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார்கள், வரிசை எண் போட்ட ஒரே மாதிரி செட் என்பதெல்லாம் பின்னால் வந்த பழக்கம். பையில் 14 மட்டைதான் இருக்கலாம் என்கிற விதியே 1938இல்தான் அமெரிக்காவில் வந்தது.

நேரில் பார்க்க விட்டால் சட்டைப்பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். எஃகுத் தண்டு வந்த புதிதில், மரத்துக்குப் பழகிய கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க அதன் மேல் மரநிறத்தில் ஒரு பூச்சு கொடுத்து விற்றார்கள். புகைப்படத்தில் பார்த்தால் ஹிக்கரி மாதிரியே இருக்கும், பட்டியல் எழுதுகிறவர்களும் ஏமாந்து 'ஹிக்கரி' என்றே எழுதுவார்கள். தண்டில் காந்தம் ஒட்டினால் விஷயம் முடிந்தது. ஏழும் சாதாரண இரும்புகள் என்றால், பையோடு சேர்த்து இருநூறு, இருநூற்றைம்பது டாலர் நியாயமான விலை. 2,500 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது பொருளில் பெயரே பிரச்சினை. 'பாபி ஜோன்ஸின் கலாமிட்டி ஜேன்' என்று படித்தால் ஜோன்ஸ் கையில் இருந்த பட்டர் என்றுதான் அர்த்தமாகிறது. 1920களின் அமெரிக்க கோல்ஃப் நட்சத்திரமான ஜோன்ஸிடம் அந்தப் பெயரில் இருந்தவை இரண்டு. முதலாவது 1923இல் கிடைத்தது, துடைத்துத் துடைத்து முகம் தேய்ந்த பிறகு அதே மாதிரி இன்னொன்று செய்துகொண்டார், அந்த இரண்டாவதை வைத்துத்தான் தன் பெரிய பட்டங்களில் பெரும்பகுதியை வென்றார், ஒரே வருடத்தில் நான்கையும் அள்ளிய 1930 உட்பட. முதல் பட்டர் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப் வசம் இருக்கிறது, இரண்டாவது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தின் வசம். உங்கள் ஊர் ஏலத்துக்கு வர மூன்றாவது ஒன்று இல்லை.

அங்கே இருப்பது, ஜோன்ஸ் போட்டிகளிலிருந்து விலகி ஸ்பால்டிங்கோடு ஒப்பந்தம் செய்த பிறகு அந்த நிறுவனம் கடைகளில் விற்ற பட்டராக இருக்கும். ஜோன்ஸின் பட்டரில் தண்டு விரிசல் விட்டதால் சுற்றியிருந்த கட்டுகளைக்கூட விடாமல், அந்த நகல்களிலும் கறுப்பாக மூன்று கட்டு போட்டிருப்பார்கள். பார்க்க அழகானது, 1930களின் அசல் பொருள், வீட்டில் வைத்துக்கொள்ளத் தகுந்தது. நல்ல நிலையில் நூறு டாலரை ஒட்டி வரும். பட்டியலில் வாசகத்தைத் திருத்தச் சொல்லி அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள், அவர்களுக்கும் அது நல்லது. ஒருவர் ஜோன்ஸ் பட்டர் என்று நம்பி ஆயிரம் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் உண்மை தெரிந்து வந்து நின்றால், அந்த அமைப்புக்குத்தான் தலைகுனிவு.

மூன்றாவது, டைகர் உட்ஸ் கையெழுத்து. இதில் நான் ரொம்பவே ஜாக்கிரதையாக இருப்பேன். 1990களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. 'புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணையில், விளையாட்டு வீரர்களின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு நாடு முழுக்க விற்ற கூட்டங்கள் பிடிபட்டன. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லிச் செய்த பேஸ்பால்கூட அதில் இருந்தது. அவர்கள் விற்ற பொருட்களோடும் சான்றிதழ் போனது. சான்றிதழ் என்பது காகிதம், அதை யார் கொடுத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டைகர் 2001 முதல் அப்பர் டெக் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கிறார், அவர்கள் முன்னிலையில் போட்ட கையெழுத்துக்கு ஒரு ஹாலோகிராம் ஒட்டி எண் கொடுப்பார்கள், அந்த எண்ணை அவர்கள் தளத்திலேயே சரிபார்க்கலாம். அந்த எண்ணைக் கேளுங்கள். எண் சரியாக வந்து, சட்டத்துக்குள் இருக்கிற பட்டரில் ஒட்டியிருக்கும் எண்ணும் அதுவாகவே இருந்தால் அது அசல். சட்டத்தை விற்ற கடையே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழ் என்றால், நான் சட்டத்துக்கும் பட்டருக்கும் மட்டும் விலை போடுவேன், கையெழுத்துக்குப் பூஜ்யம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்ட பட்டர் வேறு, அவர் ஆடிய பட்டர் வேறு. ஸ்காட்டி கேமரன் என்பவர் வடிவமைத்த அவருடைய பட்டருக்கு மாற்றாகச் செய்யப்பட்ட ஒன்றே 2021இல் 3,93,300 டாலருக்குப் போனது. 2000-01இல் நான்கு பெரிய பட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றபோது ஆடியவை என்று சொல்லப்பட்ட டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் இரும்பு மட்டைகள் 2010இல் 57,242 டாலருக்கு விற்று, 2022 ஏப்ரலில் 50 லட்சம் டாலரைத் தாண்டின. 2010இல் விற்றபோது டைகரின் முகவரே அவை அவருடையவை இல்லை, அசல் அவர் வீட்டில் இருக்கிறது என்று சொன்னவர். அப்புறம் எப்படி விலை வந்தது என்றால், அந்த மட்டைகளை டைகரிடமிருந்து பெற்றதாகச் சொன்ன டைட்டிலிஸ்ட் அதிகாரி உண்மை கண்டறியும் சோதனைக்கே உட்கார்ந்தார், கைமாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆவணம் இருந்தது. வாங்கியவர் காசு கொடுத்தது அந்தச் சங்கிலிக்கு. உங்கள் ஏலத்தில் இருப்பதற்கு அப்படி ஒரு கண்ணிகூட இல்லை. ஓய்வு பெறும் மனிதருக்குச் சந்தேகத்துக்குரிய ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, அவர் வீட்டுக்கு வருகிற நண்பர் ஒருவர் "இது போலி" என்று சொல்லும் நிலைமை வேண்டாம். எண் சரியாக வராவிட்டால் இதைத் தொடாதீர்கள். சரியாக வந்தாலும் உங்கள் 1,500க்குள் அது கிடைக்காது.

நான்காவது இருக்கிறதே, விலையே போடாத அந்த பிங் ஆன்சர், எனக்கு இந்த நான்கில் அதுதான் பிடித்தது. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர், பட்டர் சரியாக விழவில்லை என்ற கோபத்தில் தானே செய்ய ஆரம்பித்தவர். ஆன்சரின் முதல் வரைபடத்தை 1966இல் ஒரு இசைத்தட்டின் உறை மேல் கிறுக்கினார் என்பது அந்த நிறுவனமே சொல்லும் கதை. எடையைத் தலையின் இரண்டு ஓரங்களுக்கும் தள்ளினால், பந்து நடுவில் படாவிட்டாலும் பட்டர் அதிகம் திரும்பாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. 1969இல் ஜார்ஜ் ஆர்ச்சர் ஆன்சரை வைத்து மாஸ்டர்ஸ் என்ற பெரிய பட்டத்தை வென்றார். அதற்குப் பிறகு உலகத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனிகளும் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டன, டைகர் ஆடிய, ஸ்காட்டி கேமரனின் நியூபோர்ட் வரிசைப் பட்டர்கள் உட்பட. ஆக டைகர் கையில் இருந்த பட்டரின் மூதாதை, 6,000 டாலர் சட்டத்துக்குப் பக்கத்திலேயே 50 டாலர் சீட்டோடு கிடக்கிறது.

அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் செய்தவற்றில் ஸ்காட்ஸ்டேல் என்ற ஊர்ப் பெயர் இருக்கும், பின்னால் ஃபீனிக்ஸ் முகவரியும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் வந்தன. மாங்கனீசு வெண்கலத்தில் செய்த அந்த ஆரம்பகால ஸ்காட்ஸ்டேல் என்றால் சில நூறு டாலர் தாராளமாகப் பெறும். ஃபீனிக்ஸ் எண் போட்டது என்றால் அதைவிடக் குறைவு, ஆனாலும் 50க்கு மேல். ஒரு எச்சரிக்கை: ஸ்காட்ஸ்டேல் என்ற பெயரைப் பிற்காலத்திலும் பிங் தன் புதிய பட்டர்களுக்கு வைத்திருக்கிறது, போலிகளும் உண்டு, அதனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் குதிக்காதீர்கள். எழுத்தின் அமைப்பு, உலோகத்தின் நிறம், பழைய தேய்மானம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பச்சை படிந்திருந்தாலும் ஏலத்துக்கு முன் யாரும் அதைத் தேய்த்துவிடாமல் இருக்கட்டும்.

பழைய ஸ்காட்ஸ்டேல் என்று தெரிந்தால் அமைப்பாளர்களிடம் சொல்லிவிடுங்கள். 60 டாலருக்கு அடித்துக்கொண்டு போகலாமே என்று தோன்றும். பழம்பொருள் வியாபாரியிடம் அப்படி வாங்கினால் நான் கை குலுக்கியிருப்பேன், தெரிந்துகொள்வது அவர் தொழில். இங்கே குறையும் ஒவ்வொரு டாலரும் நோயாளிக் குழந்தைகளின் பணம். சொல்லுங்கள், அவர்கள் சரியாக எழுதிப் போடட்டும், அப்புறம் நீங்கள் நியாயமான விலைக்குக் கேளுங்கள்.

வரியைப் பற்றி. அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஏலத்தில் நீங்கள் கொடுக்கும் முழுத் தொகையும் நன்கொடை ஆகாது. பொருளின் நியாயமான சந்தை மதிப்புக்கு மேலே கொடுத்தது மட்டும்தான் நன்கொடை, அதில் எவ்வளவை வரிக்கணக்கில் கழிக்கலாம் என்பது நீங்கள் கணக்குப் போடும் முறையைப் பொறுத்தது. 75 டாலருக்கு மேல் கொடுத்தால் அந்த மதிப்பை எழுத்தில் தர வேண்டியது அமைப்பின் கடமை. இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது: பட்டியலில் 'மதிப்பு 2,500' என்று ஊதிப் போட்டிருந்து நீங்கள் 1,200 கொடுத்தால், காகிதத்தின்படி உங்களுக்கு 1,300 லாபம், வரிக்கழிவு எதுவும் கிடையாது. உண்மையில் நீங்கள் 250 டாலர் பொருளுக்கு ஆயிரத்துக்குப் பக்கமாகத் தானம் செய்திருக்கிறீர்கள். மதிப்பைப் பெரிதாகப் போட்டால் ஏலம் சூடு பிடிக்கும் என்று நினைக்கிற அமைப்பாளர்கள், நிஜமாகவே தாராளமாகக் கொடுப்பவரின் கையைத்தான் கடிக்கிறார்கள். உங்கள் மெக்யூவன் பட்டரை ஏலத்துக்குக் கொடுத்தாலும் ஏமாற்றம் வரலாம், விற்பதற்காகக் கொடுக்கிற பொருளுக்குப் பொதுவாக அதன் இன்றைய சந்தை விலை முழுவதும் கழிவாகாது, உங்களுக்கு அது அன்பளிப்பாக வந்ததால் அந்த அம்மாவுக்கு அது எந்த மதிப்பில் வந்தது என்பதைப் பொறுத்தது. 5,000 டாலருக்கு மேல் கழிவு கேட்பதென்றால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். மீதியை உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

விலை ஏறுமா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கம். இந்த நான்கில் எதையும் விலை ஏறும் என்று வாங்காதீர்கள். உச்சத்தில் இருப்பவை ஏறுகின்றன, பரணில் கிடைக்கிற சாதாரண மட்டைகள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

ஆக உங்கள் 1,500ஐ நான் இப்படிப் பிரிப்பேன். பொருளுக்கு 400க்கு மேல் போகாதீர்கள். ஆன்சர் பழையது என்று உறுதியானால் அதை முதலில் கேளுங்கள். உங்கள் மேலாளர் அதை ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போய் ஆடவும் செய்யலாம், அறுபது வயதுப் பட்டராக இருந்தாலும் ஆட்டத்துக்கு இன்றும் சரியாக இருக்கும். அது கைவிட்டுப் போனால் ஹிக்கரி மட்டைகள், 250க்குள். அவர் பழைய கதைகளை விரும்புகிறவர் என்றால் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கேட்கும் உச்சத்தொகையை வீட்டிலேயே எழுதி, ஆறு பேரும் ஒத்துக்கொண்டு, ஏலம் கேட்கும் வேலையை உங்களில் ரொம்ப நிதானமானவரிடம் கொடுங்கள். விருந்தில் இரண்டு கோப்பை ஒயினுக்குப் பிறகு கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எல்லா வரம்பும் உடையும்.

மீதி 1,100 டாலரையும் அந்த அமைப்புக்கு நேரடியாக, மேலாளரின் பெயரைச் சொல்லி நன்கொடையாகக் கொடுங்கள். ஆறு பேரும் அவரவர் கார்டிலிருந்து தனித்தனியாகக் கொடுத்தால் ரசீது அவரவர் பெயரில் வரும், பதிலுக்கு எந்தப் பொருளும் வாங்காததால் முழுத் தொகையும் நன்கொடையாகவே கணக்காகும். உங்கள் நிறுவனத்தில் ஊழியர் கொடுப்பதற்கு இணையாக நிறுவனமும் கொடுக்கும் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் ஏலத்தில் வாங்கியதற்கு அது பொருந்தாது, நேரடி நன்கொடைக்குப் பொருந்தும். இருந்தால் குழந்தைகளுக்குப் போவது 2,200.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றால் ஒரு நாள் 287ஆம் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டி லிபர்ட்டி கார்னர் போய் வாருங்கள், அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. அருங்காட்சியகத்தார் உங்கள் மட்டைக்கு விலை சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் வேலை இல்லை. ஆனால் அசல் ஹிக்கரியின் நிறம் எப்படி இருக்கும், நூற்றைம்பது வருடத் தேய்மானம் எந்த இடத்தில் விழும் என்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தால், பிறகு ஏல மேசையில் இருப்பதைப் பார்க்கும்போது உங்களுக்கே நிறையத் தெரியும். அமைப்பாளர்களிடமிருந்து படங்கள் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், ஆன்சரின் அடிப்பக்கமும் ஹிக்கரிகளின் பின்பக்கமும் கட்டாயம் வேண்டும், முன்பக்கம் மட்டும் எடுத்த படத்தை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது.